கொடுமைக்குள்ளான சிறாரின் மறுவாழ்வில் நடனம்

ஐதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் பட்டான்செரு அமைந்துள்ளது. ஊரின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. தெலுங்கில் செருவு என்றால் ஏரி. 1972-ல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தால் வேளாண் மாணவர்களிடையே இவ்வூர் பெயர் பெற்றது. மருந்து ஆலைகளும் இரசாயன ஆலைகளும் நிறைந்த தொழிற்பேட்டையால் நீதிமன்ற ஏடுகளிலும் இடம் பெற்றது. ஆலைக் கழிவு நீர் ஏரிகளையும் நக்கவாகு ஓடையையும் கெடுத்தது குறித்து 1990-ல் தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று பல்லாண்டுகள் நடந்தது.

இத்தகைய தொழில் ஊர்களின் குடியிருப்புகளை அறிந்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. ஒற்றை அறை வீடு. தகப்பனார் ஒரு ஷிப்டிலும் தாயார் மற்றொரு வேலையிலுமாக இருப்பர். குழந்தை பக்கத்து வீட்டார் பொறுப்பிலோ எவர் பொறுப்பிலும் இன்றியோ விடப்பட்டிருக்கும். ஏரி கெட்டால் அதன் நீரை எடுத்துச் சோதித்து இத்தனை அளவு நச்சு என்று சொல்லிவிடலாம். குழந்தைக்கு நேர்ந்த தீங்கை அவ்வாறு அளந்துவிட முடிவதில்லை. அது பேசுவதில்லை, பேசினாலும் பெரியவர்கள் நம்புவதில்லை.

அளக்க முயன்ற முக்கியமான ஆய்வு ஒன்று உண்டு. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கண்டு பேசி 2007-ல் அறிக்கை வெளியிட்டது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தீங்குக்கு ஆளானதாகக் கூறியோர் 53.22 சதவிகிதம். அவர்களுள் சிறுவர்களின் எண்ணிக்கை சிறுமியரினதைக் காட்டிலும் சற்றே அதிகம் என்பது பலருக்கும் வியப்பூட்டியது. மிக உயர்ந்த விகிதம் காணப்பட்ட மாநிலங்களுள் பட்டான்செரு அன்று அடங்கியிருந்த ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. தீங்கிழைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை எவரிடமும் சொல்லவில்லை. ஏழைக் குடியிருப்புக்கே உரிய நோய் இது என்று வசதி படைத்தோர் ஒதுங்கிக்கொள்ள இந்த அறிக்கை இடந்தரவில்லை. பள்ளியில் பயிலும் பிள்ளைகளும், பெற்றோருடன் வாழும் பிள்ளைகளும் இதில் அடங்குவர்.

சட்டம் தருவதும் தராததும்

இவ்வறிக்கைக்குப் பின் எழுந்த விவாதங்களின் பயனாகப் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) இயற்றப்பட்டு, 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் காவல் அதிகாரி சீருடையில் இருத்தல் ஆகாது. சாட்சியம் அளிக்கையில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அதன் கண்ணில் படக்கூடாது. திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கலாகாது. கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்றெல்லாம் அது விதிக்கிறது. 2016-ல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட ‘பரோசா’ மையம் காவல், மருத்துவம், சட்ட உதவி, உளவியல் ஆலோசனை ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் கொணர்ந்தது. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் பிற மாநிலங்களும் பின்பற்றத்தக்க மாதிரி என்று இம்மையத்தைச் சுட்டிற்று.

இவை பெரும் முன்னேற்றங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சட்டத்தின் வேலை பெரும்பாலும் சொற்களைக் கொண்டே நடைபெறுகிறது. காவலரிடம் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நடுவரிடம் சொல்ல வேண்டும். ஆலோசகரிடமும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாத வயதில் நேர்ந்த ஒன்றை, சொல்வதற்குச் சொல்லே கற்பிக்கப்படாத ஒன்றை, ஒரு குழந்தை எவ்வாறு சொல்லும்? தீர்ப்பு வந்த பின்னரும் அதன் உடல் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. காலடி ஓசை கேட்டால் உறைந்து போகும், தோளைத் தொட்டால் துள்ளி விலகும், உறக்கம் வராது, தன் உடம்பே தனக்கு அருவருப்பாய்த் தோன்றும். அச்சத்தின்போது ஓடவோ எதிர்க்கவோ இயலாத உயிர் மரத்துப் போவது இயற்கை. ஆபத்து நீங்கிய பின்னும் அம்மரப்பு நீங்காதிருப்பதுதான் நோய். ஆகவே உடலின் வழியாகவே இதனை அணுக வேண்டும் என்ற எண்ணம் மருத்துவ உலகில் வலுப்பெற்றது.

அமெரிக்காவில் நடனக் கலைஞரான மேரியன் சேஸ் 1942-ல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுடன் பணிபுரியத் தொடங்கியதை இத்துறையின் தொடக்கமாகக் கொள்வர். பேச மறுத்த நோயாளிகளின் அசைவை அவர் தம் அசைவால் எதிரொலித்தார். அதுவே அவர்களுடன் நடத்திய முதல் உரையாடலாயிற்று. 1966-ல் அந்நாட்டில் நடனச் சிகிச்சையாளர் சங்கம் அமைந்தது. இந்தியாவில் திரிபுரா காஷ்யப் போன்றோர் இம்முறையைப் பரப்பினர்.

நடனமே காயமாக இருந்த நாடு

நடனம் துயர் தீர்க்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுவது தக்காணத்தில் பொருந்தாது. பட்டான்செரு 2016 வரை மேதக் மாவட்டத்தில் இருந்தது. இப்போது சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலங்கானாவின் இப்பகுதிகளில் சிறுமியரை ஊர்த் தேவதைக்கு நேர்ந்துவிடும் ஜோகினி வழக்கம் நெடுங்காலம் நிலவியது. நேர்ந்துவிடப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்கள். திருவிழாவில் அவள் ஆட வேண்டும். சாவு ஊர்வலத்திலும் ஆட வேண்டும். பருவமெய்தியதும் ஊர்ப் பெரியவர்களின் ஆசைக்கு இணங்க வேண்டும். இதற்குச் சமயத்தின் பெயர் சூட்டப்பட்டிருந்ததால் குற்றம் என்றே எவரும் கருதவில்லை. நிஜாமாபாத் மாவட்டத்தில் ஹேமலதா லவணம் போன்ற சீர்திருத்தவாதிகள் இப்பெண்களிடையே பணியாற்றினர். 1988-ல் ஆந்திரப் பிரதேச அரசு இவ்வழக்கத்தைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு 41 ஆண்டுகள் பிந்தியது இது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கிய காலத்தில், அவ்வழக்கத்திலிருந்து விடுபட்டு வந்த பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் வழங்குவதே மறுவாழ்வு எனப்பட்டது. நடனம் அவர்களை வீழ்த்திய கருவியாகக் கருதப்பட்டதால் அதனை விலக்குவதே நலம் என்று நினைத்ததில் வியப்பில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகிய பின்னர் கொல்கத்தாவில் ஓர் இளம்பெண் இதற்கு நேர்மாறான சோதனையில் இறங்கினார். கெடுத்த இடத்திலேயே மீட்பைத் தேடினார் எனலாம்.

கொல்கத்தாவில் நடந்தது

சோகினி சக்ரவர்த்தி சமூகவியல் பயின்றவர். மஞ்சுஸ்ரீ சாகி சர்க்கார் உருவாக்கிய நவநிருத்யம் என்னும் நடன முறையில் பயிற்சி பெற்றவர். 1990-களின் நடுவில் கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில், கடத்தி விற்கப்பட்ட சிறுமியரிடையே பணிபுரியும் சன்லாப் நிறுவனத்தின் சுவரொட்டி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அந்நிறுவனத்தின் காப்பகத்துக்குச் சென்று நடனம் கற்பிக்க முன்வந்தார்.

தொடக்கம் தோல்வியே. முறையான அடவுகளைக் கற்பிக்கும் முயற்சியில் சிறுமியர் மனம் ஈடுபடவில்லை. இதில் ஆராயத்தக்க காரணம் ஒன்று உண்டு. செவ்வியல் நடனத்தில் குரு சொல்வார், மாணவி செய்வாள். கை இந்த உயரம், பார்வை இந்தத் திசை, புன்னகை இந்த அளவு. பிறர் ஆணைக்கு உடலை ஒப்படைத்தே பழகிப் போன குழந்தைக்கு மீண்டும் ஓர் ஆணை! அன்றியும் நடனம் என்றாலே ஆடவர் முன்னிலையில் ஆடுவது என்று அறிந்திருந்த சிறுமியரும் விடுதிகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் உண்டு. ஆசிரியையே முறையை மாற்ற வேண்டியதாயிற்று. ‘இதைச் செய்’ என்பது போய் ‘உனக்கு எப்படித் தோன்றுகிறது, செய்து காட்டு’ என்றாயிற்று. நடை, ஓட்டம், மூச்சு, கைதட்டல், வீட்டு வேலையின் அசைவு, கோபத்தில் தரையை உதைத்தல் ஆகிய எல்லாமே நடனத்தின் கச்சாப் பொருளாயின.

இந்த அனுபவத்திலிருந்து 2004-ல் கொல்கத்தா சன்வேத் என்ற அமைப்பு பிறந்தது. சன்வேத் என்ற சொல் பிறர் உணர்வை உணரும் தன்மையைக் குறிக்கும். இதனைத் தொடங்கியவர்களுள் காப்பகத்தில் வளர்ந்த இளம்பெண்களும் இருந்தனர் என்பதே இதன் தனிச்சிறப்பு. நடனத்தால் நலம் பெற்றவர்களே பிறருக்குப் பயிற்சி அளிப்போராயினர். ஊதியம் பெறும் தொழிலாளராகவும் ஆயினர். ‘சம்பூர்ணதா’ என்று பெயரிட்ட இம்முறையை இரயில் நிலையச் சிறாரிடமும், மனநல மருத்துவமனைகளிலும், பள்ளிகளிலும் கொண்டு சென்றனர். பின்னர் மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துடன் இணைந்து நடன அசைவுச் சிகிச்சையில் பட்டயப் படிப்பும் உருவாயிற்று. பரிவுக்குரியவளாக மட்டும் கருதப்பட்ட பெண், வருவாய் ஈட்டும் வல்லுநராக நிற்பதற்கு வழி பிறந்தது. மறுவாழ்வு இல்லங்களில் காலங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வரும் தையலையும் ஊறுகாயையும் இகழ வேண்டுவதில்லை. ஆனால் எல்லாப் பெண்களும் தையற்காரிகளாக வேண்டும் என்று விதித்தவர் யார் என்ற வினாவையும் தவிர்ப்பதற்கில்லை.

ஓர் அமர்வில் நிகழ்வது

இம்முறையைப் பின்பற்றும் அமர்வு ஒன்றில் நடப்பதை அறிவது அதிகாரிகளுக்குப் பயன்படும். ஏனெனில் வெளியிலிருந்து நோக்குவோருக்கு அது விளையாட்டாகவே தோன்றும். குழந்தைகள் வட்டமாக நிற்பர். எவருக்கும் முன்வரிசை இல்லை, பின்வரிசை இல்லை. பாதம் தரையில் படுவதை உணரும் பயிற்சி முதலில். மரத்துப் போன உடலுக்கு ‘நீ இப்போது இங்கே, இந்த அறையில் இருக்கிறாய்’ என்று கூறும் முறை அது. பின்னர் ஒவ்வொருவரும் கைகளை நீட்டித் தம்மைச் சுற்றி ஓர் எல்லையை வரைந்துகொள்வர். அந்த எல்லைக்குள் எவரும் கேளாமல் வருதல் கூடாது. ஒருவர் நெருங்க, மற்றவர் கையை உயர்த்தி ‘நில்’ என்பார். நெருங்கியவர் நின்றே ஆக வேண்டும். தன் ‘வேண்டாம்’ என்ற சொல் மதிக்கப்பட்டதை ஒரு குழந்தை முதன்முதலாக அறிவது சில வேளைகளில் இந்த விளையாட்டில்தான். அடுத்து இருவர் எதிரெதிராக நின்று, ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடிபோல் பின்பற்றுவர். பிறகு முறை மாறும். வழிநடத்துதலும் பின்தொடர்தலும் இருவருக்கும் சமமாகக் கிடைக்கும். இறுதியில் மீண்டும் வட்டம், மூச்சு, அமைதி.

எவரும் கட்டாயம் ஆட வேண்டியதில்லை. சுவரோரம் அமர்ந்து பார்த்திருக்கும் குழந்தையும் அமர்வில் பங்கு கொண்டதாகவே கருதப்படும். அத்தகைய குழந்தை வாரக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கக்கூடும். ஒருநாள் அதன் கால்விரல் தாளம் போடுவதைப் பயிற்சியாளர் காண நேரும். அந்நாளைப் பதிவேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்பது வேறு பிரச்சினை.

தெலங்கானாவில் இதற்கு வெளியிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டுவதில்லை. பதுகம்மா விழாவில் மலர்க் கோபுரத்தைச் சுற்றிப் பெண்கள் வட்டமாகக் கைதட்டி ஆடுவது பட்டான்செருவின் சிறுமியர் அனைவரும் கண்டறிந்தது. தமிழகத்துக் கும்மியும் அத்தகையதே. மேடை இல்லை, ஒப்பனை இல்லை, பார்ப்பவர் வேறு, ஆடுபவர் வேறு என்ற பிரிவு இல்லை. தொடுதலும் இல்லை, தன் கையைத் தானே தட்டுவது மட்டுமே. மனநல வல்லுநர் ஒருவர் திட்டமிட்டு அமைத்தாலும் இதைவிடப் பாதுகாப்பான வடிவம் கிடைப்பது அரிது. ஜோகினியின் ஆட்டமும் பதுகம்மா ஆட்டமும் ஒரே மண்ணில் இருந்தவைதாம். ஒன்றில் ஊர் பார்த்தது, மற்றொன்றில் பெண்கள் தமக்காக ஆடினர்.

மேடை ஏறும்போது

சிக்கல் மேடையில் தொடங்குகிறது. கொல்கத்தா முயற்சியில் மேடை நிகழ்ச்சிகளுக்கும் இடம் உண்டு. தம் கதையைத் தாமே அமைத்து, கைதட்டலைப் பெற்று இறங்கும் பெண்ணுக்கு அது அளிக்கும் நிமிர்வு சிறிதன்று. இதைக் கேள்வியுற்ற நிர்வாகங்கள் உடனே ஆண்டு விழாவுக்கு ஒரு நிகழ்ச்சி கேட்பதும், சிறப்பு விருந்தினர் முன் குழந்தைகளை நிறுத்துவதும் இயல்பாக நிகழக்கூடியவை. பத்திரிகையாளர் வருவர்; புகைப்படம் எடுக்கப்படும்; ‘பாதிக்கப்பட்ட சிறுமியரின் நடனம்’ என்று மறுநாள் செய்தி வரும்.

இது சட்ட விரோதம். போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், பள்ளி, குடும்பம், அண்டை அயல் எதனையும் ஊடகம் வெளியிடலாகாது என்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் அவ்வாறே தடுக்கிறது. பெயரைச் சொல்லாமல் காப்பகத்தின் பெயரைச் சொன்னாலும், முகத்தை மறைத்து ஊரைச் சொன்னாலும் அடையாளம் தெரிந்துவிடும். பட்டான்செரு போன்ற ஊரில் இது இன்னும் உண்மை. ஆலை வாயிலில் பேசப்படும் செய்தி மாலைக்குள் குடியிருப்பு முழுவதும் பரவிவிடும்.

சட்டத்தினும் நுட்பமான தடை ஒன்றும் உள்ளது. நன்றி காட்ட வேண்டிய நிலையில் இருக்கும் குழந்தையிடம் ‘ஆடுகிறாயா?’ என்று கேட்டால் அது ‘மாட்டேன்’ என்று சொல்லுமா? உணவும் உறைவிடமும் தருபவர் கேட்கிறார். அறைக்குள் ஓராண்டு முயன்று கற்பித்த ‘வேண்டாம்’ என்ற சொல்லை விழாக் குழு ஒரு மாலையில் அழித்துவிட முடியும். ஆகையால் மேடை ஏறுவோர் வயது வந்தவர்களாகவும், தாமே விரும்பியவர்களாகவும் இருத்தல் நலம். சிறுவர் ஆடுவதாயின் பொதுப் பள்ளியின் பிற பிள்ளைகளுடன் கலந்து, எவர் எவர் என்று வேறுபடாமல் ஆட வேண்டும். பொருளும் அவர்கள் தேர்ந்ததாக இருக்க வேண்டும். கொடுமையைச் சித்திரிக்கும் நாடகத்தில் கொடுமைக்குள்ளான குழந்தையையே நடிக்க வைப்பது விழிப்புணர்வு ஆகாது. அப்பணிக்கு நடிகர்களும் கல்லூரி மாணவர்களும் இருக்கின்றனர். மழை பற்றியோ ஏரி பற்றியோ ஆட விரும்பும் குழந்தை அதையே ஆடட்டும்.

சான்று எவ்வளவு?

ஆர்வத்தால் மிகைபடக் கூறுவது இத்துறைக்கு நன்மை செய்யாது. பாலியல் கொடுமைக்குள்ளான சிறார் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி, மன அதிர்ச்சியை நோக்கிய அறிதல்-நடத்தைச் சிகிச்சையையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. மனச்சோர்வுக்கு நடனச் சிகிச்சை உதவுமா என்று ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வுக்குத் தகுதியான ஆய்வுகளாக மூன்றுதான் கிடைத்தன. அவற்றில் பங்கேற்றோர் மொத்தம் 147 பேர். உறுதியான முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்றே அது முடித்தது. ஆகவே ஆலோசனைக்கும் மருத்துவத்துக்கும் மாற்றாக நடனத்தை நிறுத்துதல் தவறு. அவற்றுக்குத் துணையாக நிறுத்துவதே முறை. பேச்சின் வழியான சிகிச்சைக்குள் நுழைய இயலாத குழந்தைக்கு நடனம் ஒரு வாயிலாக அமையலாம். பயிற்சி பெற்ற உளவியலாளர் பெரும்பாலும் நகரங்களிலேயே கிடைக்கும் நாட்டில் இந்தத் துணைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

தீங்கும் நேரக்கூடும். ஒரு பாட்டு, ஒரு வாசனை, பின்னாலிருந்து தோளில் விழும் கை, மூடிய கதவு ஆகிய எதுவும் பழைய அச்சத்தைக் கிளறிவிடும். திருத்துவதற்காகத் தொடும் பழக்கமுள்ள நடன ஆசிரியர், எத்துணை நல்லவராயினும், இப்பணிக்கு ஏற்றவரல்லர். குருவின் அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டது என்னும் மரபே நடனக் கூடங்களில் தவறுகள் மறைக்கப்படக் காரணமாகியிருப்பதையும் மறந்துவிடுவதற்கில்லை. அமர்வின்போது ஒரு குழந்தை தனக்கு நேர்ந்ததை வெளியிட்டால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி பயிற்சியாளர் அதனைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தவறினால் தண்டனை உண்டு. ஆகவே ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று எந்தப் பயிற்சியாளரும் வாக்களித்தல் கூடாது. காக்க முடியாத வாக்கைத் தந்து மீறினால், அக்குழந்தை பெரியவர்களால் ஏமாற்றப்பட்டது இரண்டாம் முறையாகும். மறுபுறம், வழக்குக்குச் சான்று திரட்டும் உபாயமாகவும் அமர்வைப் பயன்படுத்தலாகாது. நீதிமன்றத்துக்கு வேண்டியதைப் பெறும் வழி சட்டத்தில் வேறாக உள்ளது.

அலுவலகங்கள் செய்யக்கூடியது

2022-ல் நாட்டில் குழந்தைகளுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 1,62,449. அவற்றுள் ஏறத்தாழ 40 சதவிகிதம் போக்சோ சட்டத்தின் கீழ் வந்தவை. இவ்வளவு குழந்தைகளுக்கும் நடனப் பயிற்சியாளர் கிடைப்பர் என்று எதிர்பார்ப்பது கனவு. எனினும் வழி திறந்தே இருக்கிறது. குழந்தைக்கு உதவ உளவியல், சமூகப் பணி, குழந்தை வளர்ச்சி ஆகிய துறைகளின் வல்லுநரைப் பயன்படுத்திக்கொள்ள போக்சோ சட்டத்தின் 39-ஆம் பிரிவு இடமளிக்கிறது. 2020-ஆம் ஆண்டின் விதிகள், வழக்கு முடியும்வரை குழந்தையுடன் இருக்கும் துணைநபரை நியமிக்கக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அதிகாரம் வழங்குகின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தன் காப்பகங்களில் பணிபுரியும் இல்லத் தாய்மார் சிலரைத் தேர்ந்து பயிற்சிக்கு அனுப்பலாம். இரவில் குழந்தை வீறிட்டு எழும்போது அருகில் இருப்பவர் அவர்களே. வாரத்தில் ஒருநாள் வந்து போகும் வல்லுநர் அல்லர்.

செலவும் பெரிதன்று. வழவழப்பில்லாத தரையுள்ள ஓர் அறை வேண்டும். வெளியே நடமாடுவோர் எட்டிப் பார்க்க இயலாத சன்னலும், உள்ளிருக்கும் குழந்தை எந்நேரமும் தானே திறந்து வெளியேறக்கூடிய கதவும் வேண்டும். ஒலிபெருக்கி கட்டாயமில்லை, ஒரு மத்தளமோ கைதட்டலோ போதும். வாரத்துக்கு இருமுறை, அதே நாளில், அதே மணிக்கு, அதே பயிற்சியாளர் வர வேண்டும். இதில்தான் பல நல்ல முயற்சிகள் தோற்கின்றன. நிதியாண்டு முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் மார்ச் மாதத்தோடு பயிற்சியாளர் நின்றுவிடுகிறார். ஜூலையில் வேறொருவர் வருகிறார். நம்பியவர் சொல்லாமல் மறைந்து போவதைக் குழந்தைகள் முன்பே கண்டிருக்கின்றனர். ஒரு பயிற்சியாளரைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அமர்த்துவதற்கான ஆணையும், அவர் விடைபெறுமுன் குழந்தைகளுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே அதனைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் மாவட்ட அளவிலேயே பிறப்பிக்கக்கூடியவை.